பழைய ஜீப்புக்குள் வெறும் தகடா, விரிப்பா?

மழைக்காலத்தில் கோவையிலிருந்து வால்பாறை ஏறி இறங்கினால், என் ஜீப்பின் தரையில் தண்ணீர் நிற்காமல் இருந்ததில்லை. கேன்வாஸ் ஹூட் போட்ட, கதவில்லாத சிஜே-3பி மாடல், வேறென்ன எதிர்பார்க்க? தகட்டை அப்படியே விடுவதா, கார்பெட் போட்டு மூடுவதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் நினைப்பேன். சத்தம், சூடு, அழகு எல்லாம் அப்புறம்.

1953-ல் வில்லிஸ் கொண்டுவந்து, பிறகு மஹிந்திரா இங்கே பல காலம் தயாரித்த வண்டி இது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. தரையிலுள்ள சின்ன மூடியைக் கழற்றித்தான் அதில் பிரேக் ஆயில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு மேலுள்ள தகடும் திருகாணிகளில்தான் நிற்கிறது. தரை வெறும் தகடாக இருந்தால் ஸ்க்ரூடிரைவர் போதும். கார்பெட் ஒட்டியிருந்தால் முதலில் கத்தியைத் தேட வேண்டும்.

வெறும் தகட்டின் பெரிய லாபம், துரு கண்ணுக்குத் தெரியும் என்பதே. கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் தொட்டுவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடிந்தது. சேறானால் ஹோஸைப் பிடித்துக் கழுவிவிடலாம். தொல்லையும் இல்லாமல் இல்லை. ஈரத்தில் செருப்பு வழுக்கும், சித்திரை வெயிலில் கியர் பக்கத்துக் கால் வேகும், தகடு தகரப் பறையாக அதிரும்.

இதற்குப் பயந்துதான் நான் ஒரு கடையில் ஃபோம் வைத்து ரெக்சின் ஒட்டினேன். உள்ளே உட்கார்ந்தால் புது கார் மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து, ஓட்டுநர் பக்கம் பெடலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் மறுபக்கம் போய்விட்டது. அவர்கள் வைத்தது சாதாரண மெத்தை ஃபோம். அது பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி, மாதக்கணக்கில் தகட்டோடு ஒட்டி வைத்திருந்திருக்கிறது. வெல்டரிடம் புதுத் தகடு வைக்கக் கொடுத்தது, ரெக்சினுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

இதைவிட ஏமாற்றுவது செக்கர்டு பிளேட், அதாவது மேடுமேடாக அச்சுப் பதித்த உலோகத் தகடு. பார்ப்பதற்கு முரட்டு இரும்பு போல இருக்கும், ஆனால் அதுவும் ஒரு மூடிதான். அலுமினியத் தகட்டை இரும்புத் தரையில் ரிவெட் அடித்தால் நடுவில் ஈரம் சிக்கும். இரண்டு வேறு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். தரையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையை மறைக்க இதைப் போட்டு விற்பவர்களும் உண்டு. வாங்கும்போது வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

தெளித்து ஒட்டும் பாலியூரித்தேன் பூச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வழுக்காது, கல் பட்டாலும் தாங்கும். ஆனால் பழைய துருவை முழுக்கச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் போட்ட பிறகே அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால், உள்ளே அது அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம். தகடு அதிர்வதைப் பியூட்டைல் ஷீட், அதாவது தகட்டில் ஒட்டும் ஒருவகை ரப்பர் ஷீட், அடக்கும். அதற்கு முழுத் தரையையும் மூடத் தேவையில்லை, ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியில் ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். மலிவான தார் ஷீட் வெயிலில் இளகி நாறும், அது வேண்டாம். எஞ்சின் இரைச்சலோ பெடல் ஓட்டை, கியர் லீவர் இடுக்கு வழியாகக் காற்றில் வருவது. அங்கே ரப்பர் போட்டு அடைப்பதுதான் முதல் வேலை. கதவே இல்லாத வண்டிக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். இரும்புக் கூரையும் கதவும் உள்ள வண்டியை நகரத்துக்குள் தினமும் ஓட்டுபவர் என்றால் சரி, கூரைக்கும் கதவுக்கும் உள்ளே தாராளமாக லைனிங் கொடுக்கலாம். தரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் வண்டியில் இப்போது எஞ்சின் பக்கத் தகட்டிலும் கியர் மேட்டிலும் மட்டும் பியூட்டைல், அதன் மேல் தண்ணீர் குடிக்காத ஃபோம். கழற்றும் திருகாணிகளை விட்டுவிட்டுத்தான் வெட்டி ஒட்டினேன். தரையில் பெயின்ட், அதன் மேல் ஒட்டாத ரப்பர் மேட் இரண்டு. மழை நின்றதும் தரையிலுள்ள வடிகால் ஓட்டையின் அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, மேட்டை பானட் மேல் காயப்போடுகிறேன்.