வெப் வேலைக்கு ஓஓபி கற்க பிஎச்பி 8 எப்படி?

வெப் டெவலப்மெண்ட்டுக்காக ஒரு ஓஓபி மொழி (டேட்டாவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஆப்ஜெக்ட் என்ற ஒரே பொருளாகக் கட்டி எழுதும் முறை) கற்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் பிஎச்பி 8 என்றுதான் சொல்வேன். பிஎச்பியா என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பழைய பிஎச்பியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். முன்பு ஒரு ப்ராப்பர்ட்டியை (ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் மாறி) கிளாஸின் மேலே அறிவித்து, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் மதிப்பை வாங்கி, மறுபடி அந்த ப்ராப்பர்ட்டிக்குள் எடுத்துப் போட வேண்டும். 2020-இல் 8 வந்த பிறகு கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு 8.1-இல் ரீட்ஒன்லி வந்தது. ஒரு ஆர்டரின் தொகையை ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் அதில் கைவைக்க முடியாது, மாற்றப் போனால் எரர் வரும். ஆப்ஜெக்ட் தன் டேட்டாவைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த எரரைப் பார்த்ததும் சட்டென்று புரிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் (பிரவுசர் சர்வரிடம் கேட்பது) புதிதாகத் தொடங்குகிறது, பதில் போனதும் அதற்காக உருவான ஆப்ஜெக்ட் எல்லாம் காலி. ஜாவாவிலோ நோடிலோ (ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டுவது) சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் பொதுவாக இருக்கும் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் ஒரு யூசரின் விவரத்தைத் தெரியாமல் போட்டுவிட்டால் அடுத்து வருகிற ஆளுக்கு அது தெரிந்துவிடக்கூடும், தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே ஓடும் என்பதால் புதிதாகக் கற்கிறவருக்குக் கோளாறு எங்கே என்றே பிடிபடாது. பிஎச்பியில் அந்தத் தலைவலி குறைவு. ஒரு ரிக்வெஸ்ட்டுக்குள் எந்த ஆப்ஜெக்ட் எதைக் கூப்பிடுகிறது என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

பைத்தானும் நல்ல மொழிதான், ஆனால் அங்கே ப்ரைவேட் என்பது பெரும்பாலும் ஒரு அடிக்கோடு போட்டுச் சொல்லிக்கொள்ளும் ஒப்பந்தம். ரூபியில் எண்கூட ஆப்ஜெக்ட், அழகு. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015 முதல் கிளாஸ் இருந்தாலும் அடியில் ஓடுவது ப்ரோட்டோடைப் (ஒரு ஆப்ஜெக்ட் இன்னொரு ஆப்ஜெக்ட்டிலிருந்து பண்புகளைப் பெறும் முறை), அதனால் ஜாவாஸ்கிரிப்ட்டை இரண்டாவதாகக் கற்பது நல்லது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்ட்ரிங்கும் அர்ரேயும் இங்கே ஆப்ஜெக்ட் இல்லை, அதற்கான ஃபங்ஷன்களில் ஒழுங்கும் இல்லை: அர்ரே மேப்பில் ஃபங்ஷனை முதலில் கொடுக்க வேண்டும், அர்ரே ஃபில்டரில் அர்ரேயை முதலில் கொடுக்க வேண்டும். டைப் சோதனை கறாராக இருக்க ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் என்று அறிவிக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை பழைய பாடங்கள். 2015-இல் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்ட, mysql_ என்று தொடங்கும் பழைய டேட்டாபேஸ் ஃபங்ஷன்களை இன்னமும் சொல்லித் தருகிற பக்கங்கள் இருக்கின்றன. அதைக் கண்டால் உடனே மூடிவிடுங்கள்.

பிஎச்பியின் ஃப்ரேம்வொர்க்கான (ஆப் கட்டத் தயாராகக் கிடைக்கும் அடித்தளம்) லாராவெல் பக்கம் அவசரமாக ஓட வேண்டாம். முதலில் ஃப்ரேம்வொர்க் இல்லாமல் ஒரு சின்ன குறிப்பேடு ஆப் எழுதுங்கள், பிஎச்பியோடு வரும் சர்வரே போதும். குறிப்பைச் சேமிக்க ஒரு இன்டர்ஃபேஸ் (என்னென்ன ஃபங்ஷன் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது), அதை நிறைவேற்ற இரண்டு கிளாஸ்: ஒன்று ஃபைலில் எழுதும், இன்னொன்று டேட்டாபேஸில் எழுதும். மற்ற கோடைத் தொடாமல் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தேவையான ஆப்ஜெக்ட்டை உருவாக்கிக் கொடுக்கும் லாராவெலின் சர்வீஸ் கன்டெய்னர் என்ன செய்கிறது என்பது தானாகவே விளங்கும்.