மட்கார்டையும் சேர்த்து அளங்கள்: குளிர்கால ரோடு பைக் ஃபிரேம்கள் ஒரு மதிப்பீடு

மழைக்கும் குளிருக்கும் என்று இரண்டாவது ரோடு பைக் வாங்குகிறவர்கள், கோடையில் ஓட்டும் ஃபிரேமின் அளவு 54 (செ.மீ.) என்றால் இதையும் 54 என்றே ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி சீட் டியூபை (சீட்டைத் தாங்கும் குழாய்) அதன் மேல்முனை வரை அளக்கும், இன்னொன்று டாப் டியூப் (மேல் குறுக்குக் குழாய்) வந்து சேரும் மையம் வரை அளக்கும். டாப் டியூப் சரிவாக இருந்துவிட்டால் இரண்டுமே எதையும் சொல்லாது. உயரத்தை மட்டும் கேட்டு ஸ்மால், மீடியம் என்று பதில் தரும் அட்டவணை இன்னும் மோசம். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் பல சென்டிமீட்டர் வேறுபடலாம்.

ஜியோமெட்ரி அட்டவணையில் மூன்று வரிகள் போதும்: ஸ்டாக், ரீச், ஃப்ரன்ட் சென்டர். பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழலும் அச்சு) மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) மேல்முனை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். அதே மையத்திலிருந்து அது எவ்வளவு முன்னால் என்பது ரீச். டாப் டியூப் நீளத்தை வைத்து ஒப்பிடுவது ஆபத்து: இரண்டு ஃபிரேமிலும் 550 மி.மீ. என்று போட்டிருந்தாலும், சீட் டியூப் ஒன்றில் 73 டிகிரியும் மற்றதில் 74 டிகிரியும் என்றால் ரீச் சுமார் 10 மி.மீ. மாறிவிடும்.

இப்போது ஓட்டும் வண்டியின் ஸ்டாக் 545, ரீச் 388, ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) 110 மி.மீ., அதன் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் என்று வைத்துக்கொள்வோம். குளிரில் முதுகு அவ்வளவு வளையாது, ஜாக்கெட்டும் தடிமன். ஹேண்டில்பார் 15 மி.மீ. உயர்ந்தால் பலருக்கும் சௌகரியம். ஹெட் டியூப் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு 10 மி.மீ. உயர்வுக்கும் ஹேண்டில்பார் 3 மி.மீ. பின்னால் வரும். இதைக் கணக்கில் வைத்தால், ஸ்டாக் 560, ரீச் 381 உள்ள 54 ஃபிரேமில் அதே ஸ்டெம், அதே ஸ்பேசரோடு ஏறக்குறைய கச்சிதமாக உட்காரலாம். அதே ஃபிரேமின் 56 அளவு 580, 388 என்றால் ஸ்பேசரை முழுக்கக் கழற்றினாலும் 10 மி.மீ. உயரம் மிஞ்சும், நீளமும் 8 மி.மீ. கூடும். அதைச் சரிசெய்ய ஸ்டெம் 100 மி.மீ.க்கு வர வேண்டும், அதுவும் மைனஸ் 6 டிகிரிக்குப் பதில் இன்னும் கீழ்நோக்கிய மைனஸ் 17 டிகிரி கோணத்தில். அப்போது 10 மி.மீ. ஸ்பேசர் திரும்ப வரும். ஹெட் டியூபின் மேல் உட்காரும் ஹெட்செட் மூடியின் உயரத்தை இரண்டு வண்டியிலும் அளந்து சேர்க்க மறக்காதீர்கள். 5 மி.மீ. மூடியும் உண்டு, 15 மி.மீ. மூடியும் உண்டு.

ஆக, இரண்டு அளவும் உடம்புக்குப் பொருந்தும். முடிவு செய்ய வேண்டியது மட்கார்டு.

ஃப்ரன்ட் சென்டர் என்பது பி.பி. மையத்துக்கும் முன் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி, மட்கார்டின் தடிமன், 25 மி.மீ.க்குப் பதில் 28 மி.மீ. டயர், ஷூவுக்கு மேல் ஓவர்ஷூ: எல்லாம் சேர்ந்தால் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த இடத்தில் சுமார் 20 மி.மீ. காணாமல் போகும். கோடையில் உரசாத கால், குளிர்காலத்தில் சிக்னலில் திரும்பும்போது மட்கார்டில் இடிப்பது இதனால்தான். வேகமாகப் போகும்போது ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது. மெதுவாக வளையும்போதுதான் சிக்கல். சோதிப்பது சுலபம். இப்போதைய வண்டியில் ஷூவை மாட்டி, கிராங்கை முன்னால் கிடையாக வைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பி, ஷூ நுனிக்கும் டயருக்கும் இடையில் குறைந்தபட்ச இடைவெளியை அளங்கள். அதிலிருந்து 20 கழித்து, புது ஃபிரேமின் ஃப்ரன்ட் சென்டர் எவ்வளவு அதிகமோ அதைக் கூட்டுங்கள். விடை மைனஸில் வந்தால் கால் இடிக்கும். 54இல் 588, 56இல் 599 என்றால் அந்த 11 மி.மீ. தான் பெரிய ஃபிரேமை எடுக்க நியாயமான காரணம். சிறிய அளவுகளில் இடிப்பதை முழுக்கத் தவிர்க்க முடியாது. அங்கே முன் மட்கார்டின் கம்பிகள், எதாவது சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் கிளிப்போடு இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது.

வகைகளைப் பார்ப்போம். 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் (பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரை) ரிம் பிரேக் போட்ட அலுமினிய ஃபிரேம் இந்த வேலைக்கு இன்றும் அருமையானது. 39 முதல் 49 வரை எட்டும் சாதாரண ரேஸ் பிரேக்கின் கீழே 28 டயரும் முழு மட்கார்டும் சேர்ந்து நுழையாது. டிஸ்க் பிரேக் எண்டூரன்ஸ் ஃபிரேம்களில் (நீண்ட தூரம் சௌகரியமாக ஓட்டுவதற்கானவை) ஸ்டாக் தாராளம், அதனால் ரேஸ் வண்டியில் தாழ்ந்து உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு அளவு குறைக்கத் தோன்றும். குறைத்தால் ஃப்ரன்ட் சென்டரும் குறையும். ஸ்டெம்மை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். கிராவல் ஃபிரேம்களில் (ஜல்லி, மண் பாதைக்கானவை) கால் இடிக்கும் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அவை 70, 80 மி.மீ. ஸ்டெம்முக்காக ரீச்சை நீட்டி வரையப்பட்டவை. அதில் பழைய 110 ஸ்டெம்மை மாட்டினால் கை எட்டாது.

சீட் உயரத்தைப் பழைய வண்டியில் இருந்து அப்படியே எடுக்கலாம், பி.பி. மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. குளிர்கால பூட்ஸுக்காக மூன்று போல்ட் கிளீட்டிலிருந்து (ஷூவைப் பெடலில் மாட்டும் தகடு) இரண்டு போல்ட்டுக்கு மாறினால் ஷூவின் அடிப்பாகத்துக்கும் பெடல் அச்சுக்கும் உள்ள தூரம் மாறும், சில மி.மீ. திருத்தம் தேவைப்படும். சீட் டியூப் கோணம் ஒரு டிகிரி நிமிர்ந்தால் சீட் 12 மி.மீ. முன்னால் வரும். அதை ஸ்டெம்மால் ஈடுகட்டாதீர்கள், பின்னால் வளைந்த சீட் போஸ்ட் போட்டுச் சரிசெய்யுங்கள்.