லெர்விக்கில் வாங்கிய ஃபேர் ஐல் குல்லா

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்குப் போனபோது லெர்விக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையில் கையால் பின்னிய ஃபேர் ஐல் குல்லா வாங்கினேன், பல நிறக் கம்பளி நூலில் வடிவங்கள் வரும்படி பின்னும் அந்தத் தீவுகளின் பாணி அது. விலையைக் கேட்டதும் பகீர் என்றது, சரி, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வேலையின் தரம் அங்கேதான் தெரியும். மொத்தம் எத்தனை நிறம் இருந்தாலும் ஒரு வரிசையில் பெரும்பாலும் இரண்டு நூல்தான் ஓடும், முறை வராத நூல் பின்னால் தொடர்ந்து வரும், அதை இறுக்கி இழுத்துவிட்டால் மொத்தப் பின்னலும் சுருங்கிவிடும். இதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

கடையில் இருந்த பாட்டி இடுப்பில் மாக்கின் பெல்ட் கட்டியிருந்தார். குதிரைமுடி அடைத்து, மேலே துளைகள் போட்ட தோல் பட்டை அது. ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகிக்கொண்டு எங்களோடு பேசியபடியே பின்னினார், கையைப் பார்க்கவே இல்லை, நம்மூர்ப் பூக்காரம்மா மாதிரி!

குறை? முதல் வாரம் நெற்றி அரித்தது, அலசியபின் கம்பளி மிருதுவாகிவிட்டது. வெந்நீர் மட்டும் வேண்டாம், பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்புறம், மெஷினில் பின்னியதையும் அதே அலமாரியில்தான் அடுக்கியிருக்கிறார்கள், கேட்டால்தான் பிரித்துச் சொல்கிறார்கள். அதனால் கேட்டு வாங்குங்கள்.