டிரெய்லர் அசிஸ்ட் என்று சொல்லி வெறும் கேமராவை மாட்டிவிட்டார்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் வண்டிக்குப் பின்னால் கேரவனோ படகு டிரெய்லரோ இழுக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் என் ஜீப்புக்கு டிரெய்லர் அசிஸ்ட், அதாவது ரிவர்ஸில் டிரெய்லர் போக வேண்டிய பக்கத்துக்கு ஏற்ப ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும் வசதி, போட்டுத் தருவதாக 42,000 ரூபாய் வாங்கினார்கள். "சார், ஸ்டீயரிங்கைத் தொடவே வேணாம், கேரவன் தானா கேட்டுக்குள்ள போயிடும்" என்றார் கடைக்காரர். அரியாங்குப்பத்தில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் மனைவி இறங்கி நின்று கை காட்ட வேண்டும். அந்தச் சிரமம் தீருமே என்றுதான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் கியர் போட்டதுமே பம்பர் சென்சார் விடாமல் கத்தியது. பின்னால் ஒட்டி நிற்கும் கேரவனையே அது தடை என்று எடுத்துக்கொண்டது. திரை முழுக்கக் கேரவனின் வெள்ளைத் தகடு, அதன்மேல் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் ஜீப் போகும் வழியை மட்டும்தான் காட்டும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கோட்டை நம்பி ஒடித்தேன். கேரவன் மடங்கிக்கொண்டு வந்து அதன் மூலை ஜீப்பின் டெயில் லேம்பை நொறுக்கியது. சென்சார் சத்தத்தில் மனைவி "நிறுத்துங்க" என்று கத்தியது எனக்குக் கேட்கவில்லை. மதிலுக்கும் கேரவனுக்கும் நடுவில் நின்றிருந்தாள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அசல் டிரெய்லர் அசிஸ்ட் வேறு. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 2016 மாடலில் வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் ஒட்டிய கட்டம் போட்ட ஸ்டிக்கரைக் கேமரா பார்த்து, வண்டிக்கும் டிரெய்லருக்கும் உள்ள கோணத்தைக் கணக்கிடும். டிரெய்லர் போக வேண்டிய பக்கம் ஒரு திருகைத் திருப்பினால் போதும், ஸ்டீயரிங்கை மின்மோட்டார் சுழற்றும். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் அப்போதும் நம் காலில்தான். என் ஜீப்பில் இருப்பதோ பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். திருப்ப மோட்டாரே இல்லாதபோது எத்தனை கேமரா மாட்டி என்ன பயன்? யாராவது போட்டுத் தருகிறேன் என்றால், ஸ்டீயரிங்கை எது திருப்பும் என்று முதலில் கேளுங்கள்.

கடையில் போய்க் கேட்டால் "நீங்க செட்டிங் சரியாப் பண்ணலை" என்கிறார்கள். பில்லில் 'ரிவர்ஸ் கேமரா செட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாயால் சொன்னதைப் பில்லில் எழுதி வாங்காதது என் தவறு. நல்லவேளை, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். அதற்கு இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

அப்புறம், பாகூரில் கரும்பு டிராக்டர் ஓட்டும் மாமா வந்திருந்தார். "ஸ்டீயரிங்கை அடியில பிடி மாப்ள. பெட்டி எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். நாலாவது தடவையில் கேரவன் கேட்டுக்குள் போய்விட்டது. மனைவி இப்போது டிரைவர் பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிகிற இடத்தில்தான் நிற்கிறாள். அவள் தெரியாவிட்டால் உடனே பிரேக் போடுகிறேன்.