கல்லடிப் பூச்சியா, செடிப் பூச்சியா? வளர்ப்புக்கு ஏற்ற நம்மூர் அசாசின் பூச்சிகள்

அவரைப் பந்தலில் புழுவைக் குத்தித் தூக்கிக்கொண்டு திரிவதும், பொட்டல் காட்டில் கல்லைப் புரட்டினால் மண்ணோடு மண்ணாக ஓடுவதும் ஒரே குடும்பம்தான். இரையைக் குத்திச் சாறு உறிஞ்சும் இந்த அசாசின் பூச்சிகளை வேளாண்மைக்காரர்கள் ரெடுவிட் நாவாய்ப்பூச்சி என்பார்கள். இந்தியாவில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. டப்பாவில் வைத்து வளர்க்கத் தோதானவை என்று பார்த்தால் தமிழ்நாட்டில் மூன்று வகை கைக்கு எட்டும்: ரைனோகோரிஸ், அகாந்தாஸ்பிஸ், சைகேனஸ்.

முதலில் அலகு, அதாவது குத்தி உறிஞ்சும் ஊசிவாய். இந்தக் குடும்பத்து வேட்டைப் பூச்சிகளின் அலகு மூன்று கணு கொண்டது, தடித்தது, தலைக்கடியில் வில்லாக வளைந்திருக்கும். நுனி முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். பிடித்தால் அந்தப் பள்ளத்தில் அலகை உரசி கிரீச்சென்று மெலிதாக ஒலி எழுப்பும். சிவப்பும் கருப்புமாக இருப்பதால் பருத்திச் செடியின் சிவப்பு நாவாய்ப்பூச்சியை ரைனோகோரிஸ் என்று நினைத்துப் பிடித்துவருவது வாடிக்கை. அதன் அலகு நான்கு கணு, நேரானது, வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். அடிவயிற்றில் வெள்ளைக் கோடுகள் தெரியும். விதைச்சாறு குடிக்கிற அதற்குப் புழுவைப் போட்டால் பட்டினிதான்.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். எலி நடமாடும் வீடுகளில் வாழும் ட்ரையடோமா ருப்ரோஃபாசியேட்டா இதே குடும்பம், ஆனால் இரத்தம் குடிப்பது. அலகு மெல்லியது, நேரானது. கடித்தால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். பாறையடியில் வாழும் லின்ஷ்கோஸ்டியஸும் அந்தக் கூட்டம்தான். உலகிலேயே இந்தியாவில் மட்டும் உள்ள பேரினம். அதன் அலகு குட்டை, மார்புப் பள்ளமே இருக்காது. கல்லடியில் எடுத்ததைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, கீழிருந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். அலகு நேராக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரைனோகோரிஸில் இரண்டு இனம் அடிக்கடி கிடைக்கும். ஃபஸ்கிப்பஸ் சுமார் ஒன்றேகால் செ.மீ., வயல்வெளியில் சாதாரணம். மார்ஜினேட்டஸ் இரண்டு செ.மீ. வரை போகும். இறக்கைக்கு வெளியே துருத்தும் வயிற்று ஓரம் சிலவற்றில் முழுச் சிவப்பு, சிலவற்றில் முழுக் கருப்பு, சிலவற்றில் கருப்புப் பட்டை போட்ட சிவப்பு. மூன்றும் ஒரே இனம்தான். நிறம் பார்த்துப் பிரித்து வைக்கத் தேவையில்லை. பகலில் வேட்டையாடும் என்பதால் பார்ப்பதற்கும் சுகம். முட்டைகளைக் குத்துக்குத்தாக நிறுத்தி ஒட்டிவைக்கும், 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். ஐந்து முறை தோலுரித்தால் வளர்ந்த பூச்சி. குறை ஒன்றுதான்: பசித்தால் உடன்பிறப்பையே குத்திக் குடிக்கும். 60 மில்லி குப்பிக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் தொல்லை இல்லை.

அகாந்தாஸ்பிஸ் இரவு ஆள். வளர்ந்த பூச்சி பெரும்பாலும் கருப்பில் மஞ்சள் திட்டு. பகல் முழுக்க மூலையில் பதுங்கும், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. இதை வளர்ப்பதே இளம்பூச்சிக்காகத்தான். உடம்பின் பிசுபிசுத்த மயிரில் முதலில் பொடித்தூளை அப்பிக்கொள்ளும், பிறகு பின்னங்காலால் மணலையும் உறிஞ்சி எறிந்த எறும்புச் சக்கைகளையும் முதுகில் ஏற்றும். தோலுரித்ததும் மூட்டை பழைய தோலோடு போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அடியில் இரண்டு செ.மீ. மண் போடவேண்டும், அதில் பாதி சல்லடையில் சலித்த பொடியாக இருக்கட்டும். வெறும் ஆற்றுமணல் போட்டால் உள்பூச்சு ஒட்டாது, அரைகுறை மூட்டையோடு திரியும். கால் முனையில் பஞ்சுத் திண்டு இருப்பதால் கண்ணாடிச் சுவரிலும் ஏறும்; மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். முட்டையை மண்ணில் உதிரியாகப் போடுவதால் தேடி எடுப்பது பெரும்பாடு. இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்களுக்கு இது சரிவராது.

சைகேனஸ் பெரியது, இரண்டரை செ.மீ.யை நெருங்கும். நீண்டு மெலிந்த தலை, முதுகின் முக்கோணத் தகட்டில் ஒரு முள், இறக்கைக்கு வெளியே அகலமாக விரிந்த வயிறு. முட்டைகளைப் பசையால் கட்டி ஒரே கட்டியாக வைக்கும். குஞ்சுகள் கும்பலாகவே இருந்து ஒரு புழுவைச் சேர்ந்து உறிஞ்சும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் பூச்சி. திருநெல்வேலி வெயிலில் முட்டைக்கட்டி காய்ந்துபோகும். ஈரப்பஞ்சை தினமும் மாற்ற முடியாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. காப்புக்காட்டில் போய்ப் பிடிக்கவும் கூடாது.

தீனி மூன்றுக்கும் பொது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இந்தப் பூச்சிகளைப் பல காலமாக வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கேயும் நெல் அந்துப்பூச்சிப் புழுதான் முக்கியத் தீனி. அந்தப் புழுவை வளர்க்க உடைத்த கம்பு ஒரு கிலோ, வேர்க்கடலைத் தூள் 40 கிராம். கம்பை முதலில் அரைமணி நேரம் சூடாக்கி ஆறவைத்தால் அதிலுள்ள வண்டுகள் சாகும். அந்துப்பூச்சி முட்டையைத் தூவி மெல்லிய துணியால் கட்டிவைத்தால் சில வாரங்களில் புழு தயார். துணி கிழிந்திருந்தால் பிராக்கான் குளவி புகுந்து மொத்தத்தையும் அழிக்கும். அகாந்தாஸ்பிஸுக்கு மட்டும் கறையானும் கட்டெறும்பும் கூடுதலாகக் கொடுங்கள்; மூட்டைக்குச் சக்கை வேண்டுமே.

இறப்பு அதிகம் நடப்பது தோலுரிக்கும்போது. தலைகீழாகத் தொங்கித்தான் உரிக்கும். ஆகவே பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமும் பற்றிக்கொள்ள மடித்த காகிதமும் வேண்டும். வழுவழுப்பான டப்பாவில் கீழே விழுந்து கால் கோணிப்போகும். தின்னாத புழுவை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அது நூல் பின்னி இளம்பூச்சியைச் சிக்கவைக்கும், தோலுரித்த மென்மையில் கடித்தும் வைக்கும். வயிறு உப்பி இரண்டு நாளாகத் தீனி தொடாமல் இருந்தால் உரிக்கப்போகிறது என்று விட்டுவிடவேண்டும்.

கையில் ஏற்றி விளையாடும் பூச்சி இதில் எதுவுமே இல்லை. இரையைக் கரைக்கும் எச்சில் நம் தோலுக்குள் போனால் நெருப்பு வைத்ததுபோல் எரியும். இடம் மாற்ற ஒரு டம்ளரும் ஓவியத் தூரிகையும் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மார்ஜினேட்டஸ் ஒரு ஜோடியோடு ஆரம்பியுங்கள். ஆண் எது, பெண் எது என்று கீழிருந்து பார்த்தால் தெரியும்: வயிற்று நுனி முழுதாக உருண்ட மூடியாக இருந்தால் ஆண், பிளவு தெரிந்தால் பெண். பெண்ணை மட்டும் வைத்திருந்தாலும் முட்டையிடும், ஆனால் அவை சுருங்கிப்போகும்.