27,500 ரூபா கொடுத்து வாங்கிய பை: திருகோணமலை ஆட்கள் கவனம்

நேற்று இரவுதான் நக்கிள்ஸ் மலைப்பக்கத்துக் கிராமமான மீமுரேயிலிருந்து திரும்பினேன். தோள் இரண்டிலும் தோல் உரிந்து கிடக்கிறது, சட்டை பட்டாலே எரிகிறது.

அங்கே மூன்று நாள் டென்ட் அடித்துத் தங்குவதற்காக, டவுனில் கேம்பிங் சாமான் விற்கும் ஒரு கடையில் 65 லீட்டர் முதுகுப்பை வாங்கினேன். விலை 27,500 ரூபா. கடையில் நின்ற அண்ணர் எவ்வளவு அக்கறையாகக் காட்டினார் தெரியுமா? ஸ்லீப்பிங் பாக்கை அடியில் திணித்தார். ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை நடுவில், முதுகோடு ஒட்டி நிறுத்தினார். பாரம் முதுகை விட்டு விலகினால் ஆளைப் பின்னுக்கு இழுக்குமாம். மழைக்கோட்டை மேலே வைத்தார். பிறகு என் முதுகில் ஏற்றி, பட்டியை இடுப்பெலும்பில் இறுக்கி, தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். உண்மையாகவே தோளில் பாரம் தெரியவில்லை. அவர் சொன்ன முறையில் ஒரு பிழையும் இல்லை, பை அடுக்குவது அப்படித்தான். அதனால்தான் நம்பினேன். இவ்வளவு தெரிந்த மனுசன் ஏமாற்றுவாரா?

“இது காட்டுறதுக்கு வச்சது தம்பி, உங்களுக்குப் புதுசு எடுத்துத் தாறன்” என்றார். முழுக் காசையும் கட்டினேன். பயணத்துக்கு முதல்நாள் இரவுதான் பை வந்தது, பொலித்தீனில் ஒட்டி. அதே நிறம், அதே வடிவம். விடிய ஐந்து மணிக்குக் கண்டி பஸ். அவசரத்தில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏற்றம் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, இடது பக்க இடுப்புப் பட்டி பிய்ந்து கையோடு வந்தது. ஒற்றைத் தையல். உள்ளே விரல் தடிப்புக்கூட இல்லாத ஸ்பொஞ்ச். கடையில் தட்டிக் காட்டிய இரண்டு அலுமினியத் தகடுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மட்டை, அதுவும் மடிந்து. 16 கிலோவும் தோளில். டென்ட் கயிற்றால் கட்டிக் கட்டி மூன்று நாள் நடந்தேன்.

இன்று காலை போனால், “கூடப் பாரம் ஏத்தியிருப்பீங்கள்” என்கிறார். 20 கிலோ தாங்கும் என்று சொன்னது யார்? அப்புறம், முதலாளி கொழும்பில், வந்ததும் கதைப்பம் என்றார். கடைசியில், “தைச்சுத் தாறன், 1,500 தாங்கோ.” 27,500 வாங்கியது போதாதா! பின்னேரம் போன் அடித்தேன், எடுக்கவே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன், கை நடுங்குகிறது. காட்டிய பையையே கேட்டு வாங்குங்கள். பட்டியைப் பலமாக இழுத்துப் பாருங்கள், முதுகுத் தகட்டை வெளியே உருவிப் பாருங்கள். என் பில்லில் “பை 1” என்று மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் விபரம் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள்.

நாளை காலை 1977 என்ற நம்பருக்குப் போன் அடித்து நுகர்வோர் அதிகாரசபையில் முறையிடுகிறேன். 27,500 ரூபாவை விடமாட்டேன்.