மாடித்தோட்டக் குழுவுக்கு டெலிகிராம் சரிப்படுமா?

டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் திருச்சி மாடித்தோட்டக் குழுவில் முந்நூறு பேர்கூடக் கிடையாது. அந்த 2 லட்சத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது? எங்களுக்குப் பிடித்தது வேறு. அட்மின் வேலையைப் பிரித்து, அவரவரால் முடிந்ததை மட்டும் கொடுக்க முடிகிறது.

வாட்ஸ்அப்பில் அட்மின் என்றால் முழு அட்மின்தான். குழுவைத் தொடங்கியவரைத் தவிர யாரையும் வெளியேற்றலாம், சக அட்மினையும் சேர்த்து. டெலிகிராமில் ஒருவரை அட்மின் ஆக்கப்போனால் ஒரு பட்டியல் திறக்கும். செய்தியை நீக்கலாமா, ஆளைத் தடை செய்யலாமா, ஒரு செய்தியைக் குழுவின் மேலே மாட்டிவைக்கலாமா (இதைத்தான் 'பின் பண்ணுவது' என்கிறோம்), குழுவின் பெயரையும் படத்தையும் மாற்றலாமா என ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். எங்களில் விதைப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் அக்காவுக்குப் பின் பண்ணும் உரிமை மட்டும். யாரிடம் நாட்டு வெண்டை இருக்கிறது, யாருக்குச் சிறகவரை வேண்டும் என்ற பட்டியலை அவர்தான் மேலே மாட்டிவைப்பார். "ஆளை நீக்குற வேலையெல்லாம் எங்கிட்ட குடுக்காதேம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் பாணி அட்மின் பதவி என்றால் அவர் வந்தே இருக்க மாட்டார்.

அட்மின் பெயருக்குப் பக்கத்தில் 16 எழுத்துக்குள் ஒரு பட்டமும் போடலாம். வேளாண் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருக்குப் பேருக்கு ஓர் உரிமை கொடுத்து, 'பூச்சி டாக்டர்' என்று போட்டோம். அதுவரை எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தவர், இப்போது யாராவது மாவுப்பூச்சிப் படம் போட்டால் வேப்பெண்ணெயை எப்படிக் கலக்க வேண்டும், ஏன் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதுகிறார். பட்டத்துக்கு ஆசைப்படாதவர் யார்!

ஒரு சுவிட்சை மட்டும் யாருக்கும் திறக்காதீர்கள்: புது அட்மின் சேர்க்கும் உரிமை. அதோடு அட்மின் ஒவ்வொருவரும் இரண்டடுக்குக் கடவுச்சொல்லை, அதாவது உள்நுழையும்போது ஓடிபி எண்ணுக்கு மேல் கேட்கும் சொந்தக் கடவுச்சொல்லை, போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், அந்த ஓடிபி எண்ணை எவனாவது நைசாகப் பேசி வாங்கிவிட்டால் அந்தக் கணக்கோடு குழுவும் போகும். குழுவின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றவும் அந்தக் கடவுச்சொல் போட்டு 7 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஊருக்குப் போகிற அவசரத்தில் மாற்ற முடியாது, முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

யார் எதை நீக்கினார்கள், யாரைத் தடை செய்தார்கள் என்ற பதிவை அட்மின்கள் எல்லோரும் பார்க்கலாம். 'என் செய்தியை ஏன் எடுத்தீர்கள்' என்ற சண்டையில் பாதி அதிலேயே தீரும். ஆனால் அது 48 மணி நேரத்துக்குத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை நடந்ததைத் திங்களன்று தேடினால் கிடைக்காது. எனக்கு இது பெரிய குறை. அட்மின் முகம் காட்டாமல் குழுவின் பெயரிலேயே பேசும் வசதியும் உண்டு. ஒருவரையொருவர் தெரிந்த சின்னக் குழுவில் அது வேண்டாம். கண்டிப்பதை நம் பெயரிலேயே கண்டிப்போம்.

விளம்பரம் போடுகிறவர்களை உடனே துரத்த வேண்டியதில்லை. நிதம் க்ரோபேக் (செடி வளர்க்கும் பை) விலைப்பட்டியல் போட்ட ஒருவருக்குப் படம் அனுப்பும் உரிமையை மட்டும் ஒரு வாரம் நிறுத்தினோம். எழுத்தில் பேசலாம், படம் போகாது. தம்பி கோபித்துக்கொண்டு போகவில்லை. இப்போது தென்னைநார்க் கழிவை எத்தனை முறை அலசினால் உப்பு போகும் என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

பேச வைப்பதற்கு நான் நம்புவது வினாடி வினாவைத்தான். வெளுத்த இலையின் படத்தைப் போட்டு, கீழே கேள்வி: இரும்புச்சத்துக் குறைவா, மக்னீசியக் குறைவா? இரண்டிலும் நரம்பு பச்சையாக இருக்கும், இடைப்பகுதி மஞ்சளாகும். இளம் இலையில் தொடங்கினால் இரும்பு, அடி இலையில் தொடங்கினால் மக்னீசியம். தவறான விடையைத் தட்டியவருக்கு விளக்கம் அங்கேயே வரும்படி எழுதிவைக்கலாம். வாயே திறக்காதவர்கள்கூட விரலால் தட்டிவிடுகிறார்கள். அப்புறம் 'எங்க வீட்டுக் கத்தரியிலயும் இப்படித்தான்' என்று ஒரு படம் வரும், பேச்சு தானாக ஓடும். ஆடிப்பட்டத்துக்கு முன் 'என்ன விதைக்கிறீர்கள்' என்று வாக்கெடுப்பு வைத்தால், யார் எதற்கு வாக்களித்தார் என்பது தெரியும்படி வையுங்கள். விதை கேட்க ஆள் தெரிய வேண்டுமே.

தலைப்பு வாரியாகக் குழுவைப் பிரிக்கும் வசதி இருக்கிறது. பெரிய குழுவுக்கு நல்லது. எங்களைப் போன்றவர்கள் அதைத் தொட்டால், பத்துப் பேர் வந்த விசேஷத்துக்கு ஏழு இடத்தில் பந்தி போட்ட மாதிரி ஆகும். கீரை அறையில் ஒருவர், உர அறையில் ஒருவர், பதில் சொல்ல ஆளில்லை.

பெண்கள் அதிகம் உள்ள குழு என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். கைபேசி எண்ணை யாருக்கும் காட்டாமல் பயனர் பெயரோடு மட்டும் இருக்கலாம், ஆனால் அதை அமைப்புகளில் ஒவ்வொருவரும் தானே மாற்றவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முழு மறையாக்கம், அதாவது குழுவில் இருப்பவர்களைத் தவிர அந்த நிறுவனம்கூடச் செய்தியைப் படிக்க முடியாத பூட்டு, டெலிகிராம் குழுவில் கிடையாது. வெண்டைக்காய் பேச அது தேவையில்லை, வீட்டு விலாசமும் வங்கி விவரமும் குழுவில் போடாதவரை.

கட்டணப் பதிப்பு இல்லாமலே மேலே சொன்ன எல்லாம் கிடைக்கிறது. அபார்ட்மென்ட் சங்கம், முப்பது பேர், மாதம் ஒரு தண்ணீர்த் தொட்டி அறிவிப்பு என்றால் இத்தனை சுவிட்சும் வீண், வாட்ஸ்அப்பே போதும். வேலையைப் பகிர்ந்துகொள்ள நாலு பேர் தயாராக இருக்கும் குழு என்றால் தாராளமாக டெலிகிராமுக்கு மாறலாம்.